பால் ஆடு வளர்க்கத் தொடங்குவோருக்கு

பால் ஆடு வளர்க்க விரும்பும் கமக்காரர் முதலிற் செய்யவேண்டியது ஆடு வாங்குவதன்று. தீனுக்கும் கொட்டிலுக்கும் வழிசெய்வதேயாகும். பெரும்போகத்தில் வயலெங்கும் பயிர் நிற்பதால் மேய்ச்சல் நிலம் சுருங்கிவிடும். அக்காலத்தில் அவிழ்த்துவிட்ட ஆடு அயலவர் பயிரை அழிக்கும். கட்டிவைத்த ஆடு தீனின்றி மெலியும்.

தீன்: வேலியோரங்களிற் சீமைக்கிளுவை, முள்முருக்கு, அகத்தி ஆகியவற்றை முன்கூட்டியே நட்டுக்கொள்ளல் வேண்டும். சீமைக்கிளுவைக் குழையைச் சில மணி நேரம் வாடவிட்டுக் கொடுத்தால் ஆடுகள் விரும்பி உண்ணும்.

கொட்டில்: தளத்தை நிலத்தினின்றும் 3 அடி உயர்த்தி, சட்டங்களுக்கிடையே அரை அங்குல இடைவெளி விடுக. தளம் ஈரமின்றி இருக்கும். கீழே சேரும் எரு மரக்கறித் தோட்டத்துக்கு உதவும்.

தெரிவு: இரண்டு மறியாடுகளுடன் தொடங்குதல் நன்று. மடியிற் கட்டியில்லாததையும் இரு காம்புகளிலும் பால் வருவதையும் கறந்து பார்த்தே வாங்குக.

குட்டி: சினைக்காலம் ஏறத்தாழ 150 நாட்கள். பிறந்த ஒரு மணி நேரத்துள் குட்டி கடும்புப்பால் குடித்தல் வேண்டும். நோயை எதிர்க்கும் ஆற்றல் அதற்கு அப்பாலினாலேயே கிடைக்கின்றது. அதனை வீட்டுக்கெனக் கறந்தெடுத்தால் குட்டியை இழக்க நேரிடும்.

வேலியிற் குழை பெருகிய அளவுக்கே பட்டியையும் பெருக்குக.