பிள்ளைக்குத் தீக்காயம், பெற்றோருக்கு மனக்காயம்



வடித்த கஞ்சி, குளிக்கக் காய்ச்சிய வெந்நீர், இறக்கி வைத்த குழம்புச் சட்டி. சின்னப் பிள்ளைகள் பெரும்பாலும் இவற்றால்தான் வெந்து போகிறார்கள். கண் மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும்.

உடனே காயத்தின்மேல் சுத்தமான குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் ஊற்றுங்கள். இட்லி மாவு, மை, பற்பசை எதையும் பூசாதீர்கள். ஐஸ் வைக்காதீர்கள். சுத்தமான துணியால் மூடி 108-ஐ அழையுங்கள்.

அதற்குப் பிறகு உங்கள் மனம் படும் பாட்டைப் பற்றியே இங்கு பேசப் போகிறோம்.

யார் குற்றம்?

"பிள்ளையைப் பார்க்காம எங்கே போனே?" என்று கணவர் கேட்பார். மாமியார் ஒரு வார்த்தை சொல்வார். அக்கம்பக்கத்தார் பத்து வார்த்தை சொல்வார்கள். யாரும் சொல்லாவிட்டாலும் தாயின் மனமே அவளைக் குத்தும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு தம்பதியைப் பார்த்தேன். இரண்டு வயது மகனுக்குக் காயம். எட்டு நாளாக இருவருக்கும் பேச்சில்லை. தனியே விசாரித்தேன். "நான்தானே சட்டியைக் கீழே வெச்சேன்" என்று அந்த அம்மாள் அழுதாள். "திண்ணையிலேதான் இருந்தேன், ஒரு குரல் கொடுத்திருக்கலாம்" என்றார் தகப்பனார். இருவர் நெஞ்சிலும் ஒரே பாரம்! அதை ஒருவருக்கொருவர் சொன்ன அன்றுதான் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

கட்டு மாற்றும் வேளை

பிள்ளை கதறும்போது பெற்ற வயிறு பதறும். கட்டு மாற்றுவதற்கு முன்பே வலி மருந்து கொடுக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. "வலிக்காது" என்று பொய் சொல்லாதீர்கள். "கொஞ்சம் வலிக்கும், அம்மா பக்கத்திலேயே இருக்கேன்" என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தாங்க முடியாதவர் வெளியே வரட்டும், மற்றவர் உள்ளே போகட்டும்.

கூலியும் வீடும்

ஆஸ்பத்திரியில் இருக்கும் நாளெல்லாம் கூலி போகும். அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டு போங்கள். இரவில் முறை வைத்துத் தூங்குங்கள். பாட்டி வீட்டில் விட்ட மூத்த பிள்ளையும் பயந்து போயிருக்கும். "உன்னால் வந்ததில்லை, கண்ணு" என்று அதற்கும் சொல்லுங்கள்.

தழும்பு

"பொம்பளைப் பிள்ளையாச்சே, நாளைக்கு யார் கட்டுவா?" என்ற கவலை வரும். தழும்பு முதல் சில மாதம் சிவந்து தடித்திருக்கும். பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் நிறம் குறைந்து மெத்தென்று ஆகும். சொல்லிக் கொடுத்த பயிற்சியை நிறுத்தினால் கைகால் மடங்கிப் போகலாம். தழும்பை மறைத்து வைத்தால், அது வெட்கப்பட வேண்டிய விஷயம் என்று பிள்ளை எண்ணிக்கொள்ளும். பள்ளிக்கு அனுப்புமுன் ஆசிரியரிடம் பேசுங்கள்.

எப்போது உதவி தேட வேண்டும்?

வாரங்கள் கழிந்தும் அந்தக் காட்சியே கண்முன் நிற்கிறதா? தூக்கமில்லையா? வீட்டுக்காரர் குடியில் இறங்கிவிட்டாரா? செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா? கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடமோ சொல்லுங்கள். சாகும் எண்ணம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

நினைவில் வையுங்கள்: பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் தைரியம் கொள்கிறது. ஒருவரையொருவர் பழிக்காமல் கைகோத்து நில்லுங்கள்.