கறுப்பு வண்டிக்கு எவ்வளவு பாலிஷ்?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பழைய வண்டி என்றாலும் உன் சம்பாத்தியத்தில் வாங்கியது. எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். வெயிலில் நிறுத்தினால் பானெட் முழுக்க வட்ட வட்டமாகக் கோடுகள் தெரிகின்றன, பட்டறையில் காம்பவுண்டு போட்டுத் தேய்க்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அவசரப்படாதே.

அந்தக் கோடுகள் உண்மையில் வட்டமானவை அல்ல. தூசி படிந்த துணியால் துடைக்கத் துடைக்க எல்லாத் திசையிலும் நுண்ணிய கீறல்கள் விழுந்திருக்கும். சூரியனோ விளக்கோ எங்கே பிரதிபலிக்கிறதோ, அந்தப் புள்ளிக்குக் குறுக்காகக் கிடக்கும் கீறல்கள் மட்டும் மின்னும். கண்ணுக்கு அது வளையமாகத் தெரியும். நீ இரண்டடி நகர்ந்தால் வளையமும் கூடவே நகரும், பார். வெள்ளை வண்டியிலும் இதே கீறல்கள் உண்டு. கறுப்பு காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

இப்போதைய கார்களில் நிறத்துக்கு மேல் கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு இருக்கிறது. பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான் கனம். அதாவது அதிகம் போனால் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதுதான். பாலிஷ் இந்தப் பூச்சின் மேல் எதையும் சேர்ப்பதில்லை. அதிலுள்ள மிக நுண்ணிய அரைக்கும் தூள், கீறலின் கரையைத் தேய்த்துச் சமப்படுத்துகிறது. கத்தியைச் சாணை பிடிப்பது போலத்தான்: ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகும், போனது திரும்பாது. காம்பவுண்டு இதைவிட முரட்டுத்தனமாக எடுக்கும். லேசான கீறலுக்கு அது எதற்கு?

முதலில் நகத்தால் தடவிப் பார். நகம் சிக்கினால் அந்தக் கீறலைப் பாலிஷ் தீர்க்காது, விட்டுவிடு. சிக்காவிட்டால் வண்டியை நன்றாகக் கழுவு. பிறகு களிமண் போன்ற கிளே பாரை வழுக்கும் திரவத்தோடு தேய்த்து, ஒட்டிக்கிடக்கும் அழுக்கை எடு. நிழலில், தகடு தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும்போது, பானெட்டின் ஓர் ஓரத்தில் ஒன்றரை அடிச் சதுரத்தில் மட்டும் நைசான பாலிஷைப் போட்டுப் பார். கையால் தேய்க்கலாம், பலன் குறைவு, நேரம் அதிகம். மெஷின் வாடகைக்குக் கிடைத்தால் ஆடிக்கொண்டே சுழலும் டூயல் ஆக்‌ஷன் வகையை வாங்கு. ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி பழகாத கையில் பெயிண்ட்டைச் சூடாக்கிக் கருக்கிவிடும். கதவு விளிம்பிலும் மடிப்புக் கோடுகளிலும் பூச்சு மெல்லியதாக இருக்கும். அங்கே மாஸ்க்கிங் டேப் ஒட்டிவிடு.

துடைத்ததும் பளபளப்பைப் பார்த்து மயங்காதே. சில பாலிஷ்களில் கீறலை அடைக்கும் எண்ணெய்ப் பொருள் உண்டு. நாலு கழுவலில் கரைந்து கோடு திரும்ப வந்துவிடும். தண்ணீர் கலந்த ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்தால் உண்மை தெரியும். எண்பது சதவீதம் மறைந்தால் போதும் என்று நிறுத்திக்கொள். மிச்சக் கீறலுக்காகப் பூச்சைத் தின்பது எனக்குச் சம்மதமில்லை. கடைசியில் வாக்ஸோ சீலண்டோ போடு. காப்பது அதுதான், பாலிஷ் அல்ல.

உன் அப்பார்ட்மெண்டில் காலையில் ஒரே வாளித் தண்ணீரில் பத்து வண்டியைத் துடைக்கும் ஏற்பாட்டை முதலில் நிறுத்து. அந்தத் துணியில் முந்தின வண்டிகளின் மண் இருக்கிறது. ஷாம்புக்கு ஒரு வாளி, துணியை அலச ஒரு வாளி என்று வைத்துக்கொண்டு நீயே கழுவு. உப்புத் தண்ணீரை வெயிலில் காயவிடாதே, கறை பிடிக்கும். காய்ந்த தூசியை வெறும் துணியால் துடைக்கவே துடைக்காதே. இந்தப் பழக்கம் மாறாமல் பாலிஷ் போட்டால் இரண்டே மாதத்தில் அதே கோடுகள் வரும். பூச்சு மட்டும் குறைந்திருக்கும்.

அன்புடன்,
மாமா