காற்றுக் கணக்கு: கேள்வி–பதில்

கேள்வி: மெயின் டக்டில் பிட்டாட் குழாய் வைத்து எடுத்தால் 4,000 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) வருகிறது. கிரில்களில் காற்றளக்கும் ஹூட் பிடித்துக் கூட்டினால் 3,300தான். ரிப்போர்ட்டில் எதை எழுதுவது சார்?
– வாசகர், ஸ்ரீபெரும்புதூர்

பதில்: இரண்டையும் எழுதுங்கள். ஆனால் பிட்டாட்டை எங்கே நுழைத்தீர்கள் என்று சொல்லவே இல்லையே! எல்போவை ஒட்டி ஓட்டை போட்டிருந்தால் அந்த 4,000-ஐ நம்பாதீர்கள். டக்டின் விட்டத்தைப் போல ஏழெட்டு மடங்கு தூரம் நேராக ஓடிய பிறகுதான் காற்று ஒரு சீருக்கு வரும். அடுத்தது, புள்ளிகளில் எடுத்த அழுத்தத்தையெல்லாம் கூட்டிச் சராசரி கண்டு, கடைசியில் ஒரே ஒரு வர்க்கமூலம் போட்டீர்களா? பலர் செய்கிற தப்பு இது. இப்படிச் செய்தால் விடை கூடுதலாகத்தான் வரும். ஒவ்வொரு புள்ளியையும் முதலில் வேகமாக மாற்றுங்கள், பிறகு சராசரி எடுங்கள். வேகம் நிமிடத்துக்கு 600 அடி என்றால் பிட்டாட்டுக்குக் கிடைப்பதே ஐந்தரைப் பாஸ்கல்தான். அங்கே ஹாட் வயர் அனிமோமீட்டர் எடுங்கள். இவ்வளவும் பார்த்த பிறகும் 700 சி.எஃப்.எம். காணவில்லை என்றால் டார்ச்சோடு ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே பாருங்கள். காலரிலிருந்து கழன்ற ஃப்ளெக்ஸிபிள் டக்ட் ஒன்று அங்கே வீணாக ஊதிக்கொண்டிருக்கக்கூடும்.

கேள்வி: கிரில்லுக்குக் கீழே கையை நீட்டினாலே காற்று வருவது தெரிகிறது. மீட்டர் எதற்கு?
– வாசகர், சேலம்

பதில்: வருகிறது என்பது தெரியும். எவ்வளவு என்பது தெரியாது. மீட்டரை எடுங்கள்.

கேள்வி: கடைசி அறைக்குக் காற்று போதவில்லை. ஃபேன் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி.யை ஏற்றிவிடு என்கிறார் மேனேஜர். ஏற்றலாமா?
– வாசகர், கோவை

பதில்: அதைக் கடைசியாகச் செய்யுங்கள். ஃபேனின் வேகத்தை 10 சதவீதம் ஏற்றினால் காற்றும் 10 சதவீதம் கூடும், மின்சாரமோ 33 சதவீதம் கூடும். 20 சதவீதம் ஏற்றினால் 73. முதலில் ஃபில்டரைப் பாருங்கள், பெல்ட்டைப் பாருங்கள், ஃபயர் டேம்பர் பாதி மூடிக் கிடக்கிறதா என்று பாருங்கள். பிறகு காற்று வரும் எல்லா வாயிலிலும் ஒரு சுற்று அளந்து, டிசைனில் எத்தனை சதவீதம் என்று எழுதுங்கள். சதவீதம் மிகக் குறைந்த வாயிலின் டேம்பரை முழுதாகத் திறந்து வைத்துவிட்டு, மற்றவற்றை அதன் அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஃபேனுக்குப் பக்கத்தில் இருக்கும் வாயிலை முதலில் நெரிப்பவர்கள் பொழுது சாயும்வரை ஏணியில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார்கள். எல்லாம் ஒரே சதவீதத்துக்கு வந்த பிறகு வி.எஃப்.டி.யைத் தொடுங்கள். தொட்டதும் கிளாம்ப் மீட்டரில் ஆம்பியரைப் பார்த்து மோட்டார் பெயர்ப்பலகையோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: புதிய மருத்துவமனை, இரண்டு நாளில் திறப்பு விழா. ஆபரேஷன் தியேட்டர் அளவுகள் சரியாக வரவில்லை. டிசைன் எண்களையே ரிப்போர்ட்டில் போட்டுக் கையெழுத்திடச் சொல்கிறார்கள். நான் சின்ன ஆள். என்ன செய்ய?
– வாசகர், மதுரை

பதில்: போடாதீர்கள். தம்பி, இதை நிதானமாகப் படியுங்கள்.

இருபதுக்கு இருபது அடி தியேட்டர், பத்தடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 தடவை காற்று மாற வேண்டும். கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,330 கன அடி. அதில் நாலு தடவைக்கான காற்று வெளியிலிருந்து வரும் புதுக்காற்றாக இருக்க வேண்டும். பக்கத்துத் தாழ்வாரத்தைவிட உள்ளே குறைந்தது 2.5 பாஸ்கல் அழுத்தம் கூடுதலாக நிற்க வேண்டும். இரண்டரைப் பாஸ்கல் என்பது மிக மிகச் சிறிய அழுத்தம். ரிட்டர்ன் டேம்பர் கொஞ்சம் அதிகமாகத் திறந்திருந்தாலே அது மறுபக்கம் சாய்ந்துவிடும். சாய்ந்தால் தாழ்வாரத்துக் காற்று, ஸ்ட்ரெச்சரும் செருப்பும் போய்வரும் இடத்துக் காற்று, கதவிடுக்கு வழியாக உள்ளே வரும். மேஜையில் வயிற்றைத் திறந்து படுத்திருப்பவருக்கு உங்கள் ரிப்போர்ட்டைப் படிக்க வழியில்லை. டாக்டரும் அதை நம்பித்தான் கத்தியை எடுக்கிறார்.

ஒரு ரிப்போர்ட்டில் எல்லா வாயிலும் நூற்றுக்கு நூறு என்று இருந்தால் அது மேஜையில் உட்கார்ந்து எழுதியது என்று எனக்கு உடனே தெரியும். உண்மையான காற்று 94 காட்டும், 107 காட்டும். சாதாரண அறைகளின் வாயில்களில் கூடக்குறைய 10 சதவீதம் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படுவதுதான். பொய் எதற்கு?

நீங்கள் செய்ய வேண்டியது இது. அளந்ததை அப்படியே எழுதுங்கள். தேதி, நேரம், மீட்டரின் வரிசை எண், அளக்கும்போது எந்தக் கதவு மூடியிருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். குறைகளுக்குத் தனிப் பக்கம் வையுங்கள்: 'தியேட்டர் 2, அழுத்தம் 1 பாஸ்கல், கதவடி சீல் இல்லை' என்கிற மாதிரி. பெரும்பாலும் கதவு சீலும் ஒரு டேம்பரும்தான் காரணமாக இருக்கும். அரை நாள் வேலை, திறப்பு விழாவுக்கு முன்பே முடியும். இதைச் சொல்லிப் பாருங்கள், மேலே இருப்பவரும் இறங்கி வருவார். வராவிட்டால் அவர் கையெழுத்திடட்டும், உங்கள் பெயர் வேண்டாம். மூல நோட்டுப்புத்தகத்தை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: மீட்டரை எத்தனை நாளுக்கு ஒருமுறை கேலிப்ரேஷனுக்கு அனுப்புவது?
– வாசகர், திருச்சி

பதில்: வருடத்துக்கு ஒருமுறை. கீழே விழுந்தால் அன்றைக்கே.

கேள்வி: மகன் ஐ.டி.ஐ.யில் குளிர்சாதன மெக்கானிக் பிரிவு முடித்து, காற்று அளக்கும் இந்த வேலைக்குப் போகிறான். இரவு வேலை, தோள் வலி, உடம்பெல்லாம் அரிப்பு. விடச் சொல்லலாமா?
– ஒரு தாய், வேலூர்

பதில்: வேண்டாம் அம்மா. கடை மூடிய பிறகு, ஆபீஸ் காலியான பிறகுதான் சில கட்டடங்களில் கை வைக்க முடியும், அதனால் இரவு வேலை. அளக்கத் தெரிந்தவனுக்குக் கோவையிலும் வேலை உண்டு, துபாயிலும் உண்டு. தோள் வலிக்குக் காரணம் ஹூட். கனம் அதிகமில்லை, தலைக்கு மேலே பிடித்தபடி நிற்பதுதான் வலி. சக்கரம் வைத்த ஸ்டாண்ட் கேட்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் இருவர் மாற்றி மாற்றிப் பிடிக்கட்டும். அரிப்பு கிளாஸ் வூலால் வருவது. முழுக்கைச் சட்டையும் மாஸ்க்கும் போடட்டும். வீட்டுக்கு வந்ததும் சொறியாமல், தேய்க்காமல், முதலில் ஓடும் தண்ணீரில் நனையட்டும். அந்தச் சட்டையை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.