மூணாறு: கேள்விப்பட்டதும் உள்ளதும்

"மூணாறுக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம்."

ஊருக்குப் போகலாம். ஆனால் முதல்முறை போகிறவர்கள் ஆசைப்படுவது வரையாட்டைப் பார்க்க. அது இருப்பது ஊரை ஒட்டிய இரவிகுளம் தேசியப் பூங்காவில். குட்டி போடும் பருவம் என்பதால் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்காவை மூடிவிடுவார்கள். சரியான தேதியை ஆண்டுதோறும் கேரள வனத்துறை அறிவிக்கும். அதைப் பார்த்துவிட்டு விடுதியைப் பதிவு செய்யுங்கள். நம்மில் பலர் செய்வது தலைகீழ்.

"சொந்தக் காரிலேயே உள்ளே போய் ஆனைமுடியில் ஏறிவிட்டு வரலாம்."

இரண்டும் நடக்காது. கார் நுழைவாயிலோடு நின்றுவிடும். அங்கிருந்து ராஜமலைக்கு வனத்துறையின் பேருந்து. இறங்கியதும் தார்ச்சாலையில் கொஞ்ச தூரம் நடை. நமக்கு அனுமதி அவ்வளவுதான். 2,695 மீட்டர் உயர ஆனைமுடியை அண்ணாந்து பார்த்துக்கொள்ளலாம். இதில் குறைப்பட ஒன்றுமில்லை. அந்தச் சாலையோரத்திலேயே, சில அடி தள்ளி, வரையாடு மேய்ந்துகொண்டிருக்கும்.

அது ஓடாமல் நிற்பதைப் பார்த்து, "பழகிய ஆடுதான், பிஸ்கட் கொடுக்கலாம்" என்று கிளம்பிவிடுகிறார்கள். அது காட்டு விலங்கு. தமிழ்நாட்டின் மாநில விலங்கும்கூட. தேயிலைத் தோட்டத் துரைமார்கள் வேட்டைக்கென்று காத்து வைத்திருந்த மலை இது. முதுவர் பழங்குடியினர்தான் காவல். 1975இல் சரணாலயமாகி, 1978இல் தேசியப் பூங்காவானது. அதன்பின் தலைமுறை தலைமுறையாகத் துரத்தப்படாத விலங்கு மனிதரைக் கண்டு மிரளவில்லை, அவ்வளவே. தின்பண்டம் எதுவும் வேண்டாம்.

"போனால் குறிஞ்சி பார்க்கலாம்."

நீலக்குறிஞ்சி 2018இல் பூத்தது, அடுத்தது 2030. நடுவில் பூக்கும் வேறு குறிஞ்சி வகைகளைக் காட்டி, 'இதுதான் அது' என்று சொல்பவர்கள் உண்டு. பூ அழகுதான், பேச்சுதான் பொய்.

"ராத்திரி கிளம்பினால் விடியலில் மூணாறு."

உடுமலைப்பேட்டையிலிருந்து போகும் சாலை சின்னாறு காட்டுக்குள் நுழைகிறது. இருட்டிவிட்டால் சோதனைச் சாவடியிலேயே நிறுத்திவிடுவார்கள். ரயிலில் வருபவர்கள் போடிநாயக்கனூரில் இறங்கி, போடிமெட்டு வழியாக ஏறலாம். மூணாறில் ரயில் நிலையம் கிடையாது. குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய சிறிய ரயில்பாதையை 1924 வெள்ளம் அழித்துவிட்டது.

"மழையில்தான் மலை அழகு."

2020 ஆகஸ்டில் ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். முதல் பயணத்துக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வேண்டாம். எந்த மாதமானாலும், இடுக்கி மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தால் பயணத்தை ரத்து செய்யுங்கள். விடுதிக்குக் கட்டிய முன்பணம் போனால் போகட்டும்.