தன்னை அமைதிப்படுத்தும் அசைவுகளும் புலன் விருப்பங்களும்

க.பொ.த (சா/த) – சுகாதாரமும் உடற்கல்வியும்

அறிமுகம்

வினாத்தாளுக்காகக் காத்திருக்கும் மாணவரை அவதானியுங்கள். ஒருவர் காலாட்டுவார், ஒருவர் பேனை மூடியைக் கழற்றிக் கழற்றிப் பூட்டுவார், இன்னொருவர் நகம் கடிப்பார். பதற்றம், சலிப்பு, மகிழ்ச்சி ஆகிய வேளைகளில் உடல் திரும்பத் திரும்பச் செய்து மனதை நிலைப்படுத்தும் இவை, தன்னை அமைதிப்படுத்தும் அசைவுகளாகும்.

1. அமைதி கிடைப்பது எவ்வாறு?

ஐம்புலன்களைவிட மேலும் இரண்டு புலன்கள் இங்கு முக்கியமானவை.

• சமநிலைப் புலன்: உட்செவியிலுள்ள அரைவட்டக் கால்வாய்கள் முதலியன தலையின் அசைவை உணரும்.
• உடல்நிலைப் புலன்: தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள வாங்கிகள் அவயவங்களின் நிலையை உணரும்.

மெதுவான, சீரான அசைவும் உறுதியான அழுத்தமும் பலருக்கு அமைதி தரும். அழும் குழந்தை ஏணையில் ஆட்டும்போது உறங்குவது இதற்கு உதாரணமாகும்.

2. புலன் விருப்பங்கள்

ஒரே தூண்டலை எல்லோரும் ஒரே அளவில் உணர்வதில்லை.

• கூடுதலாக உணர்பவர்: சட்டைக் கழுத்திலுள்ள லேபல் உறுத்தும், பட்டாசுச் சத்தத்திற்குக் காதைப் பொத்துவார்.
• குறைவாக உணர்பவர்: அசைந்துகொண்டே இருப்பார், பொருள்களைத் தொட்டும் தட்டியும் பார்ப்பார்.

ஒருவரே ஒரு புலனில் கூடுதலாகவும் மற்றொன்றில் குறைவாகவும் உணரலாம்.

3. ஓட்டிசமும் புலன் வேறுபாடும்

ஓட்டிசம் உள்ள பலரிடம் இவ்வேறுபாடுகள் தீவிரமாகக் காணப்படும். 1947 இல் பிறந்த அமெரிக்கரான டெம்பிள் கிராண்டின் ஓட்டிசம் உடையவர். பிறர் அணைப்பதை அவரால் தாங்க முடியவில்லை. ஆயினும் அழுத்தம் அவருக்குத் தேவைப்பட்டது. மாடுகளை அசையாது பிடிக்கும் கூண்டைக் கண்ட அவர், அழுத்தத்தைத் தாமே கூட்டிக் குறைக்கக்கூடிய பொறியொன்றை இளவயதில் அமைத்துப் பயன்படுத்தினார். பின்னர் விலங்கு விஞ்ஞானப் பேராசிரியரானார்.

மாதிரி வினா

மாணவன் ஒருவன் வகுப்பில் முன்னும் பின்னும் ஆடுகிறான். மணி ஒலித்தால் காதைப் பொத்துகிறான். சகமாணவர் அவனைப்போல் நடித்துச் சிரிக்கின்றனர்.

(i) அவனது இரு செயல்களுக்கும் பொருத்தமான காரணம் ஒவ்வொன்று தருக.
(ii) “ஆடுவதை உடனே நிறுத்த வேண்டும்.” இக்கூற்றை நீர் ஏற்கிறீரா? விளக்குக.
(iii) சகமாணவராக நீர் செய்யக்கூடிய இரண்டு விடயங்களைக் குறிப்பிடுக.

விடை

(i) ஆடுதல் – சீரான அசைவால் அமைதி பெறுதல்.
காதைப் பொத்துதல் – ஒலியைக் கூடுதலாக உணர்வதால் தன்னைப் பாதுகாத்தல்.
(ii) இல்லை. அது எவருக்கும் தீங்கானதன்று. தடுத்தால் பதற்றம் கூடலாம். தலையை மோதுதல், தோலைக் கடித்தல் போன்று காயம் ஏற்படுமாயின், காரணத்தைக் கண்டறிந்து பாதுகாப்பான மாற்று வழியொன்றை ஏற்படுத்த வேண்டும்.
(iii) கேலியில் சேராது அதை நிறுத்தும்படி கூறல். சத்தம் குறைந்த இடத்தில் அவன் அமர உதவுமாறு ஆசிரியரிடம் கேட்டல்.

கவனிக்க

வினா (i) இற்கு “அவனுக்கு ஓட்டிசம்” என எழுதுவது தவறாகும். அதனைத் தீர்மானிப்பவர் மருத்துவ நிபுணரே. இத்தகைய அசைவுகள் நம் எல்லோரிடமும் உண்டு, அளவே வேறுபடுகின்றது. அவற்றைப் பழக்கக்கேடு என்று கூறுமுன், அந்த உடல் எதைத் தேடுகிறது எனச் சிந்திப்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.