உயிருடன் விட்டால் ஊதியம்: பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தரும் பாடம்

வயல் வரப்பிலோ வைக்கோற்போர் அடியிலோ பாம்பைக் கண்டவர் உடனே தடியெடுப்பது கிராமங்களில் வழக்கம். அந்த அச்சம் காரணமற்றதன்று. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் மாண்டவர் ஏறக்குறைய 12 லட்சம் பேர், அதாவது ஆண்டொன்றுக்குச் சராசரி 58,000 பேர் என்று 2020-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது. இவர்களிற் பெரும்பாலார் கிராமவாசிகள். கடியுண்டவரைப் பிழைப்பிக்கும் விஷமுறிவு மருந்தோ பாம்பின் விஷத்தைக் கொண்டே செய்யப்படுகிறது. அவ்விஷத்தைச் சேகரித்துத் தருபவர் யார், எம்முறையில் தருகின்றனர் என்பதைக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் அறிதல் நலம்.

இருளரின் பழைய தொழில்

செங்கற்பட்டு, காஞ்சீபுரம், திருவள்ளூர் ஜில்லாக்களில் வசிக்கும் இருளர் என்னும் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக வேட்டையால் ஜீவித்தவர்கள். கடப்பாரையும் கூர்ந்த பார்வையுமே அவர்களுக்கு ஆயுதம். மணலிற் படிந்த தடம், உதிர்ந்த சட்டை, எச்சம் ஆகியவற்றைக் கொண்டு எந்த வளையில் எந்தப் பாம்பு இருக்கின்றதென்று அவர்கள் தெரிந்துகொள்வர். எலி வளையைத் தோண்டி எலியைப் பிடிப்பதோடு, அது சேமித்து வைத்த நெல்லையும் எடுத்துக் கொள்வர்.

தோல் வியாபாரம் பெருகிய காலத்தில் இவர்களிற் பலர் பாம்பைப் பிடித்துத் தோலுக்காக விற்று வந்தனர். லட்சக்கணக்கான பாம்புத் தோல்கள் பதனிடப்பட்டு அயல்நாடுகளுக்குச் சென்றன. லாபத்தின் பெரும்பங்கு வியாபாரிகளைச் சேர்ந்தது. பிடித்தவருக்குக் கிடைத்தது சொற்பக் கூலியே. கொல்லப்பட்ட பாம்பு மறுமுறை பணம் தராது; எலியையும் தின்னாது.

வியாபாரம் நின்ற விதம்

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1976-ல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடுக்கப்பட்டது. பாம்புகளுக்கு இது நன்மை. ஆயினும் சொந்த நிலமோ வேறு தொழிற்பயிற்சியோ இல்லாத இருளர் குடும்பங்கள் ஒரே நாளில் ஜீவனத்தை இழந்தன. பசித்திருப்பவனை எந்தத் தடையுத்தரவும் நெடுநாள் கட்டுப்படுத்தாது; அவன் இருளில் மறைந்தாவது வேட்டையாடுவான். ஆதலால், தடையோடு மாற்று ஜீவனமும் வேண்டியிருந்தது.

சங்கத்தின் தோற்றம்

சென்னையில் பாம்புப் பண்ணையை ஏற்படுத்திய ரோமுலஸ் விட்டேக்கர் என்பவர் இருளரோடு பழகி, அவர்களுடைய திறமையை நன்கறிந்தவர். அவரும் இருளரும் சேர்ந்து கண்ட வழி, பாம்பைக் கொல்லாமல் விஷத்தை மட்டும் எடுத்து விற்பதாகும். 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியிலுள்ள முதலைப் பண்ணைக்குள் அதன் நிலையம் அமைந்தது. ஆண்களைப் போலவே பெண்களும் இதில் அங்கத்தினராயினர்.

வேலை நடைபெறும் முறை

1. ஒவ்வோர் ஆண்டும் எந்த ஜாதிப் பாம்பை எத்தனை வரையில் பிடிக்கலாம் என்று காட்டிலாகா உத்தரவு அளிக்கும். அத்தொகையைக் கடத்தல் கூடாது.

2. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு மட்டுமே பிடிக்கப்படும். இந்தியாவில் பாம்புக்கடி மரணங்களுக்குப் பெரிதும் காரணமானவை இவையே.

3. அங்கத்தினர் கொணரும் பாம்பைச் சங்கம் ஜாதிக்கேற்ற விலை கொடுத்து ஏற்றுக் கொள்ளும். அடியில் மணல் பரப்பிய மண்பானைக்குள் அதனை விட்டு, வாயைத் துணியால் கட்டி வைப்பர்.

4. வாரத்திற்கு ஒரு முறை விஷம் எடுக்கப்படும். மெல்லிய உறை மூடிய கண்ணாடிக் கலத்தின் விளிம்பைப் பாம்பு கடிக்க, விஷம் உள்ளே சொட்டும்.

5. மூன்று அல்லது நான்கு வாரங்களுக்குப் பின், அடிவயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வெட்டி, பாம்பைக் காட்டில் விட்டுவிடுவர். அடையாளமுள்ள பாம்பு மீண்டும் அகப்படின், அதனைப் பிடித்தவர் விட்டுவிட வேண்டும். சில மாதங்களில் சட்டை உரிய உரிய அவ்வடையாளம் மறையும். அதுவரை பாம்புக்கு ஓய்வு கிடைக்கிறது.

இவ்விதிகளுள் ஐந்தாவது மிக முக்கியமானது. அடையாளமுள்ள பாம்பைக் கையில் பிடித்தவன், அன்றைய வரும்படியைத் தானே விட்டுக்கொடுக்கிறான். அதனைக் காண அருகில் அதிகாரி எவரும் இல்லை. பாம்பு குறைந்தால் சங்கமும் குறையும் என்ற அறிவே அங்கே காவல் நிற்கிறது.

விஷம் மருந்தாகும் விதம்

எடுத்த விஷத்தை உறையச் செய்து, ஈரத்தை நீக்கித் தூளாக்கி, மருந்துச் சாலைகளுக்குச் சங்கம் விற்கிறது. அங்கே அதனை மிகச் சிறிய அளவில் குதிரைகளுக்கு ஏற்றுவர். குதிரையின் உடல் அதனை எதிர்க்கும் சத்தை இரத்தத்தில் உண்டாக்கும். அச்சத்தைப் பிரித்துச் சுத்தி செய்ததே விஷமுறிவு மருந்து. நான்கு பாம்புகளின் விஷத்தையும் ஒரே மருந்து முறிக்குமாறு செய்யப்படுவதால், கடித்தது இன்ன பாம்பு என்று தெரியாவிடினும் அதனைக் கொடுக்கலாம். இந்தியாவில் இம்மருந்துக்கு வேண்டிய விஷத்திற் பெரும்பகுதியை இச்சங்கமே அளித்து வந்திருக்கிறது.

திறமைக்குக் கிடைத்த மதிப்பு

அமெரிக்காவில் ஃபுளோரிடா மாகாணத்தில் அயல்நாட்டு மலைப்பாம்புகள் பெருகி, அந்நாட்டுப் பிராணிகளைத் தின்று அழித்து வந்தன. 2017-ல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இரு இருளர்கள் அங்கு அழைக்கப்பட்டு, சில வாரங்களில் இருபதுக்கு மேற்பட்ட மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தனர். 2023-ல் இவ்விருவருக்கும் இந்திய சர்க்கார் பத்மஸ்ரீ விருதளித்தது. ஒரு காலத்தில் இழிவாக எண்ணப்பட்ட தொழிலறிவு இவ்வாறு தேச சேவையென மதிக்கப்பட்டது.

குறைகள்

சங்கத்திற்கு இடர்கள் இல்லாமலில்லை. ஆண்டு உத்தரவு தாமதமானால் அங்கத்தினரின் அடுப்பெரிவது தடைப்படும். வாங்குவோர் சிலரே ஆதலால் விலையைப் பேசும் வலிமை குறைவு. பிடிப்பவர் தாமே கடியுண்ணும் அபாயமும் உண்டு. மேலும், ஒரே ஜாதிப் பாம்பின் விஷமும் பிரதேசத்திற்குப் பிரதேசம் வேறுபடுவதாக ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். தமிழ்நாட்டுப் பாம்பின் விஷத்தாற் செய்த மருந்து தொலைவிலுள்ள மாகாணங்களில் அதே பலனைத் தராமற் போகலாம். ஆகவே பிற பிரதேசங்களிலும் இத்தகைய சங்கங்கள் தோன்றுதல் அவசியம்.

மற்றச் சங்கங்களுக்குரிய பாடம்

ஏரி மீன், காட்டுத் தேன், மேய்ச்சற் புல், விறகு ஆகிய எப்பொதுப் பொருளுக்கும் இம்முறை பொருந்தும். எடுக்கும் அளவுக்கு வரம்பு வேண்டும். எடுத்த பின் பொருள் மீண்டும் வளர அவகாசம் வேண்டும். வரும்படி இடைத்தரகரிடம் நில்லாது உழைத்தவரை அடைய வேண்டும். இம்மூன்றும் கூடிய இடத்தில் வேட்டையாடியவரே காவலராகின்றனர்.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவையும் உள. எலியைத் தின்னும் பாம்பு நெல்லைக் காப்பதாகும்; அதனை வீணே கொல்லலாகாது. இரவில் விளக்கின்றி வரப்பில் நடத்தல் கூடாது. கடியுண்டவரின் காயத்தைக் கீறுவதும், உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும் தீங்கு. கடியுண்ட அங்கத்தை அசைக்காமல், தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். மந்திரத்தில் கழியும் ஒவ்வொரு நாழிகையும் உயிரைக் குறைக்கும்.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய வினாக்கள்

1. கிராமத்தின் பொதுப் பொருள்களுள் ஆண்டுதோறும் குறைந்து வருவது எது? அதற்கு வரம்பு விதித்தால் யாருடைய ஜீவனம் தடைப்படும்? அவருக்கு மாற்று யாது?

2. யாரும் பார்க்காத இடத்திலும் அங்கத்தினர் கைக்கொள்ளும் விதி சங்கத்தில் உண்டா?

3. அருகிலுள்ள எந்த ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து இருப்பிலுள்ளது? இரவில் அங்கே செல்ல வண்டி ஏற்பாடு உண்டா?