களிமண்ணும் செலினியமும்

அணுஉலைக் கழிவைப் புதைக்க பெல்ஜியம் நாட்டார் எதை நம்பி ஆராய்கிறார்கள் தெரியுமா? களிமண்ணை. மோல் என்ற ஊரில் 225 மீட்டர் ஆழத்தில், களிமண் அடுக்குக்குள்ளேயே 1980-களிலிருந்து ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய கவலைகளில் ஒன்று செலினியம்-79. பாதியாகக் குறையவே மூன்று லட்சம் ஆண்டுக்கு மேல் ஆகும். களிமண் அதைப் பிடித்து வைக்குமா, தண்ணீரோடு விட்டுவிடுமா? நம்ம டெல்டா வயலில் இருப்பது சாதாரண செலினியம், கதிர்வீச்சு கிடையாது. ஆனால் மண்ணில் நடந்துகொள்ளும் விதம் ஒன்றுதான்.

காற்றோட்டமான மண்ணில் அது செலினேட்டாக இருக்கும். அதற்கு எதிர்மின்னூட்டம், களிமண் துகளுக்கும் அதே. ஒட்டாது. தண்ணீர் போகிற பக்கம் போகும், வேரும் உறிஞ்சும். காற்றுக் குறைந்தால் செலினைட்டாக மாறி இரும்புத் துருவில் ஒட்டிக்கொள்ளும். காற்றே இல்லையென்றால் தனிச் செலினியமாகவோ இரும்போடு சேர்ந்தோ கரையாமல் படிந்துவிடும். வங்கி பாஷையில் சொன்னால் செலினேட் சேமிப்புக் கணக்கு, கடைசியது நிரந்தர வைப்பு. மோல் களிமண்ணில் காற்று இல்லை, பைரைட் என்ற இரும்புக் கந்தகத் தாதும் இருக்கிறது. அதனால் வைப்பு நிலைக்கும்.

நம்ம வயலில் காற்றை அடைப்பது தேங்கிய தண்ணி. சேற்றுழவு முடிந்த சில நாளில் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு நைட்ரேட், செலினேட், இரும்பு என்று கைவைக்கும். தக்கைப்பூண்டு மடக்கி உழுத வயலில் இன்னும் வேகம். அதுங்களுக்குத் தீனி அதுதானே. தாளடி அறுத்து, உளுந்து நிற்கும்போது வயல் வெடித்துக் காற்றுப் புகுந்தால், படிந்தது மெல்ல மெல்லத் திரும்பக் கரையும்.

இதன் விளைவைப் பார்த்தவர்கள் பஞ்சாபிகள். நவான்ஷகர், ஹோஷியார்பூர் மாவட்டங்களில் சிவாலிக் மலையடிவார வண்டலில் செலினியம் அதிகம். அங்கே விளைந்த தீவனத்தைத் தின்ற மாடுகளுக்கு முடி கொட்டியது, குளம்பு வெடித்தது. லூதியானா வேளாண் பல்கலைக்கழகம் கண்ட வழிகளில் ஒன்று ஜிப்சம். அதிலுள்ள சல்பேட் போட்டிக்கு நிற்பதால் வேருக்குள் செலினேட் போவது குறைகிறது.

தண்ணி கட்டினால் எல்லா நஞ்சும் அடங்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆர்செனிக் நேர்மாறு: இரும்புத் துரு கரையும்போது அதில் ஒட்டியிருந்தது கிளம்பி நெல்லுக்கு ஏறும். வங்காளத்து வயல்களின் தொல்லை அதுதான்.

செலினியம் நமக்கும் மாட்டுக்கும் வேண்டிய சத்துதான். பெரியவருக்கு நாளுக்கு 55 மைக்ரோகிராம் போதும், 400-க்கு மேல் கூடாது என்பது அமெரிக்க அளவுகோல். அவ்வளவு குறுகிய இடைவெளி! ஆகவே செலினியம் நுண்ணூட்டம் என்று யாராவது விற்க வந்தால், நம்ம மண்ணையும் போர் தண்ணியையும் சோதிக்காமல் வாங்காதீங்க. மத்திய அரசின் மண்வள அட்டையில் உள்ள 12 இனங்களில் செலினியம் இல்லை. தனியாகக் கேட்டுத்தான் பார்க்கணும்.